நவம்பருக்கு முன் திறக்கலாகாது

இருபத்தேழு ஆண்டுகளாக நாள்தோறும் திராட்சை இரசத்தைக் கையில் ஏந்தி வருகிறேன். ஆயினும் அது எவ்வாறு உண்டாகிறது என்று நெடுங்காலம் நான் எண்ணிப் பார்த்ததில்லை. குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்த தந்தை 924-ஆம் விதியை எங்களுக்கு நெட்டுருச் செய்வித்தார். இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாக உண்டானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தேர்வில் எழுதினேன், மதிப்பெண் பெற்றேன், மறந்தேன். கோயில்பிள்ளை குப்பியில் ஊற்றி வைப்பார். நான் எடுத்து வைப்பேன். அவ்வளவே.

2011-ஆம் ஆண்டில் எங்கள் ஆயர் என்னை ஐந்தாண்டுப் பணிக்காகக் கனடாவுக்கு அனுப்பினார். டொராண்டோ நகரின் வடபுறத்தில் இத்தாலியக் குடும்பங்கள் நிறைந்த ஒரு பங்கில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கேதான், வீட்டிலேயே ஒயின் செய்யும் கலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு நேர்ந்தது. குருவானவர் எழுத இதுவா பொருள் என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இக்கட்டுரையின் பாதிவரை பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கனடாவில் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கென ஒயின் செய்ய உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. நம் மாநிலத்திலோ 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உள்ளது. எனவே இதனை எவரும் செய்முறைக் குறிப்பாகக் கொள்ள வேண்டாம். பலிபீடத்தில் வைப்பதை இரசம் என்றும் வீட்டில் வைப்பதை ஒயின் என்றும் வேறுபடுத்தி எழுதுகிறேன். அவ்வேறுபாடு எனக்கொரு நண்பரின் இரண்டு வாரப் பேச்சை இழக்கச் செய்தது.

அந்நாட்டில் செப்டம்பர் மாதம் பிறந்தால் கலிபோர்னியாவிலிருந்து திராட்சை வண்டிகள் வந்து சேரும். ஒரு பெட்டி முப்பத்தாறு பவுண்டு, அதாவது பதினாறு கிலோ. இத்தாலியப் பெரியவர்கள் பத்துப் பெட்டி, இருபது பெட்டி என்று வாங்கி, கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்து நசுக்கிப் பிழிவார்கள். இது பழைய வழி. இதற்கு இயலாதவர்களுக்கும், அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும், என்னைப் போன்ற அறியாதவர்களுக்கும் வேறொரு வழி உண்டு. கடையில் ஓர் அட்டைப் பெட்டி விற்பார்கள். 'கிட்' என்பது அதன் பெயர். உள்ளே திராட்சைச் சாறு நிரப்பிய பை ஒன்று இருக்கும். ஈஸ்ட், ஓக் மரத்தூள், தெளிய வைக்கும் பொருள்கள், கெடாமல் காக்கும் உப்புகள் ஆகியவை சிறு சிறு பொட்டலங்களாக இருக்கும். சாற்றோடு தண்ணீர் சேர்த்து இருபத்துமூன்று லிட்டர் ஆக்கி, ஈஸ்டைத் தூவினால் ஒயின் வரும், முப்பது போத்தல்.

எல்லாப் பெட்டியும் இருபத்துமூன்று லிட்டரே தரும் என்றால் எதை வாங்கினால் என்ன என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் குளிர்காலத்தில், நான்கு வாரத்தில் முடியும் என்று அச்சிட்டிருந்த மலிவான பெட்டி ஒன்றை வாங்கினேன். அதிலிருந்த பையில் எட்டு லிட்டருக்கும் குறைவாகவே சாறு இருந்தது. மிகுதியெல்லாம் குழாய்த் தண்ணீர். சாற்றை வற்றச் செய்யும்போது நீரோடு மணத்திலும் ஒரு பகுதி போய்விடுகிறது. மீண்டும் நீரை ஊற்றலாம். போன மணம் திரும்புவதில்லை. பை பெரிதாகப் பெரிதாக, வற்றாத சாறு அதில் மிகுதி. பத்து லிட்டர், பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு என்று பெட்டிகள் ஏறிக்கொண்டே போகும், விலையும் ஏறும், காத்திருக்க வேண்டிய காலமும் ஏறும். இவற்றுள் இறுதியானதை நான் கவனிக்கவில்லை.

ஐந்தாம் வாரத்தில் என் ஒயினைப் பங்கு முதியோரின் விருந்தொன்றில் பெருமையுடன் பரிமாறினேன். அதனுள் கரைந்திருந்த கரியமில வாயுவைக் கிண்டி வெளியேற்றத் தவறியிருந்தேன். நாக்கில் சோடாவைப்போல் குத்தியது. எழுபத்தொன்பது வயதான ஒருவர் மட்டும் கிண்ணத்தை முழுவதும் பருகி முடித்து, "நல்ல பழச்சாறு, பாத்ரே" என்றார். அவரை எல்லாரும் நோன்னோ என்று அழைப்பர். இத்தாலிய மொழியில் தாத்தா என்று பொருள். கலாப்ரியா நாட்டுப்புறத்திலிருந்து இளமையில் வந்து, கட்டட வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்தவர். அன்று தொடங்கியது எங்கள் நட்பு.

அந்த ஒயினில் ஒரு போத்தலை, பழையதானால் நல்லதாகும் என்ற எண்ணத்தில் ஒன்றரை ஆண்டு ஒளித்து வைத்தேன். நல்லதாகவில்லை. நீர்த்துப்போய், நிறம் மங்கி, சுவையற்றிருந்தது. பழையது நன்று என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. சிவப்பு ஒயினை ஆண்டுக்கணக்கில் தாங்குவது அதிலுள்ள துவர்ப்பு. பாக்கிலும் வாழைப்பூவிலும் நம் நாக்கைப் பிடித்து இழுக்கும் அதே துவர்ப்புதான். டானின் என்று வேதியியலார் கூறுவர். அது திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. பெரும்பாலான கருந்திராட்சைகளைப் பிழிந்தால் சாறு வெளிறியே இருக்கும். நிறமும் தோலின் கொடைதான். தொடக்கத்தில் இந்தத் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். நாள் செல்லச் செல்ல அதன் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, சில அடியில் படிந்து, நாக்கை உரசுவது குறையும். துவர்ப்பே இல்லாத ஒயினில் பழகுவதற்கு ஒன்றுமில்லை. அது வெறுமனே மூப்படைகிறது.

2012-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நோன்னோவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை நடந்தது. திராட்சைப் பெட்டிகளைத் தூக்க இயலாமற்போயிற்று. இரண்டு மகன்களுக்கும் அதில் நாட்டமில்லை. ஐம்பது ஆண்டு தொடர்ந்து செய்தவர் அவ்வாண்டு செய்யவில்லை. அவர் நண்பர்கள் 'கிட்' என்ற சொல்லையே இகழ்ச்சியாக உச்சரிப்பவர்கள். நம்மூரில் பொட்டலச் சாம்பார்ப் பொடியைப் பற்றிப் பாட்டிமார் பேசுவது போல. ஒரு நாள் திருப்பலி முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்து, "உங்கள் வண்டியில் என்னை அந்தக் கடைக்கு அழைத்துப் போவீர்களா, பாத்ரே? யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வருபவரின் குரல் அது.

கடையில் அவர் பெட்டி பெட்டியாகத் தட்டிப் பார்த்தார். எடையைக் கைகளால் நிதானித்தார். இறுதியில் கை வைத்தது பதினெட்டு லிட்டர் பெட்டி. அதனுள் திராட்சைத் தோல் அடைத்த தனிப்பை ஒன்றும் இருந்தது. நான் வாங்கியதைப்போல் மூன்று மடங்கு விலை. "இது இரண்டு ஆண்டாவது கிடக்க வேண்டும்" என்று கடைக்காரர் எச்சரித்தார். சொல்லிவிட்டு முதியவரின் கைத்தடியைப் பார்த்தார். வண்டியில் வரும்போது நானும் கேட்டேன்: எண்பது வயதில் விரைவில் முடியும் பெட்டியை வாங்கியிருக்கலாமே? அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு, "அது நாலு வாரத்தில் முடிந்துவிடும். அப்புறம் நான் என்ன செய்வேன்?" என்றார்.

டொராண்டோவின் இத்தாலிய வீடுகளில் முகப்புத் திண்ணைக்கு அடியில் ஒரு குளிர் நிலவறை இருக்கும், 'கான்டினா' என்பர். தக்காளிச் சாறு, பாலாடைக் கட்டி, ஒயின் யாவும் அங்கே. கீழ்த்தளத்தில் அடுப்புப் பொறியின் பக்கமாக, இருபத்திரண்டு பாகை வெப்பத்தில் நொதிக்க வைத்தோம். முதற்பொட்டலம் பெண்டோனைட் என்ற களிமண். ஒயினில் மண்ணையா போடுவது என்று அவர் சீறினார். எங்கள் ஊரில் கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள் என்று சொன்னேன். சற்று அமைதியடைந்தார். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், நம் பால்காரர்கள் அஞ்சும் லாக்டோமீட்டருக்கு உடன்பிறப்பு. அது முதல் நாள் 1.092 என்று காட்டியது. மறுநாள் மாலையில் நுரைத்து எழுந்தது. தோல்கள் மேலே மிதந்து தொப்பி போல் மூடிக்கொள்ளும்; நாளுக்கு இருமுறை அவற்றை அமிழ்த்துவது என் வேலை. சர்க்கரை தீர்ந்து 0.994 என்று நின்றபோது ஒயின் ஏறத்தாழப் பதின்மூன்று விழுக்காடு வலிமை கொண்டிருந்தது. சார்பேட் என்ற பொட்டலத்தை அவர் குப்பையில் எறிந்தார். இனிப்பு மிஞ்சாத ஒயினுக்கு அது வேண்டியதில்லை. அவர் செய்தது சரியே. கெடாமல் காக்கும் மெட்டாபைசல்பைட்டையும் எறியப் போனார். அதற்கு மட்டும் நான் சண்டையிட்டேன். நெடுநாள் வைப்பதற்கு அது இன்றியமையாதது.

பிறகு தெளிவை இறுத்தல். கண்ணாடிக் குடுவையின் அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல், மேலேயுள்ளதை மெல்லிய குழாயினால் வேறொரு குடுவைக்கு இறக்க வேண்டும். மாதங்களின் இடைவெளியில் மூன்று முறை செய்தோம். எரேமியா நூலின் நாற்பத்தெட்டாம் அதிகாரம், மோவாபு நாட்டைக் கலம்விட்டுக் கலம் மாற்றப்படாமல் தன் வண்டலின்மேலே கிடந்த ஒயினுக்கு ஒப்பிடுகிறது. குருமடத்தில் அப்பகுதிக்கு நான்கு பக்க விளக்கம் எழுதியவன் நான். தடித்த வண்டலில் நெடுநாள் கிடந்தால் இறந்த ஈஸ்ட் சிதைந்து கெட்ட முட்டை நாற்றம் பிறக்கும் என்பதை நோன்னோவின் நிலவறையில்தான் அறிந்தேன். இறைவாக்கினருக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்கும் என் பேராசிரியருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் அளவு ஊற்றி, ரொட்டித் துண்டொன்றையும் தருவார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தந்தை குடிகாரர். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில், காலையில் நெல் விற்கப் போனவரின் கைக்காசு மாலையில் வீடு வந்து சேர்ந்த நாள்கள் குறைவு. அவரால் பொழுது சாயும்வரைகூடக் காத்திருக்க இயலாது. என் குருத்துவத் திருநிலைப்பாட்டிற்கு முந்தின இரவில் அம்மா என்னிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டார்: பூசைக் கிண்ணத்தில் தவிர வேறெங்கும் தொடக்கூடாது. கொடுத்தேன். கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசும்போது நோன்னோவைப் பற்றிச் சொன்னேன். நெடுநேரம் அம்மாவின் மூச்சொலி மட்டும் கேட்டது.

"சாமி, நீ அதக் குடிக்கிறியா?"

"இல்லம்மா. ருசி பாக்குறதுதான்."

"உங்கப்பாவும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு."

அதன்பின் நோன்னோ ஊற்றியதை முகர்ந்து, நாவில் வைத்து, உமிழ்ந்தேன். தேர்ந்த சுவைஞர்களும் அவ்வாறே செய்வர் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். நோன்னோ ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த முறை என் பக்கத்தில் ஒரு வாளியை வைத்திருந்தார்.

2013-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் போத்தலில் அடைத்தோம். தக்கை விரிந்து இறுகுவதற்காக மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு தக்கை நனைந்தே இருக்கும்படி கிடத்தி அடுக்கினோம். ஒவ்வொன்றிலும் நோன்னோ தம் நடுங்கும் கையால் எழுதி ஒட்டினார்: 2014 நவம்பருக்கு முன் திறக்கலாகாது. அப்போதுதான் அவர் கேட்டார். நவம்பர் வந்ததும் முதற்போத்தலைப் பலிபீடத்திற்குத் தரலாமா?

முடியாது என்றேன். தண்ணீர் ஊற்றி அளவுக்குக் கொண்டுவந்தது, அமிலமும் பிறவும் சேர்க்கப்பட்டது. அது உண்மையான இரசம்தானா என்பதில் ஐயத்திற்கு இடமுண்டு. ஐயத்திற்குரியதைப் பயன்படுத்துவதை 2004-ஆம் ஆண்டில் உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு விதித்தொகுப்பு முற்றிலும் விலக்குகிறது. இவ்வளவையும் அந்த நிலவறையில், கையில் பசையோடு நின்ற முதியவருக்கு விளக்கினேன். "ஐம்பது வருடம் நான் திராட்சையில் செய்தபோது எந்தக் குருவும் கேட்டதில்லை. பெட்டியில் செய்தபோது நான் கேட்டேன்" என்றார். பிறகு இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. நான் சொன்னது சரியே என்று இன்றும் கருதுகிறேன். சொன்ன இடமும் வேளையும் சரியா என்பது வேறு வினா. மூன்றாம் ஞாயிறன்று அவரே வந்து, நிலவறையின் வெப்பம் பதின்மூன்று பாகையில் நிற்கிறது என்று அறிவித்தார். அதுதான் சமாதானம்.

2014 மார்ச் மாதத்தில், உறக்கத்தில் இறந்தார். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். வீட்டில் நடந்த விருந்துக்கு அவருடைய ஒயினையே திறப்போம் என்று மூத்த மகன் நிலவறைக்குப் போனார். நோன்னோவின் மனைவி படிக்கட்டில் குறுக்கே நின்றார். "எழுதியிருப்பதைப் படி" என்றார். கடையிலிருந்து வாங்கி வந்து குடித்தார்கள்.

நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் திருநாள், அவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மாலையில் அந்த வீட்டின் மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். நான் நாவில் வைத்தேன். கருநீலம் படர்ந்திருந்த நிறம் மாதுளைச் சிவப்பாகியிருந்தது. பெட்டி ஒயினுக்கே உரிய சமைத்த பழத்தின் வாடை தேய்ந்திருந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் அது பிடித்து இழுக்கவில்லை. நான் உமிழவில்லை. அம்மாவுக்கு அளித்த வாக்கை அவ்வொரு முறை மீறினேன். அடுத்த ஒப்புரவில் அதை அறிக்கையிட்டபோது, கேட்ட குருவுக்கு அதில் என்ன பாவம் என்று விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை.

2016-இல் ஊர் திரும்பும்போது அம்மையார் இரண்டு போத்தல்களைத் தந்தார். சுங்கத்தார் இரண்டு லிட்டர்வரை விடுவதால் இடரின்றிக் கொண்டுவந்தேன். ஒன்றைக் கோடைக்கானலில் பணிபுரியும் குருமட நண்பரிடம் ஒப்படைத்தேன். மற்றொன்று அம்மாவின் வீட்டில், என் பெட்டியில் இருந்தது. அம்மா அதைக் கண்டு, நான் இல்லாத நேரத்தில் எடுத்து மறைத்துவிட்டார். எங்கே என்று கேட்டேன். "யார் கண்ணிலும் படாத எடத்துல இருக்கு" என்ற மறுமொழியே கிடைத்தது. எறியவும் அவருக்கு மனம் வரவில்லை. இறந்தவர் கொடுத்த பொருளல்லவா.

2018-இல் அம்மா மறைந்தார். வீட்டை ஒழிக்கும்போது, அடுப்புக்கு நேர்மேலே இருந்த பரணில், பழைய சேலைகளுக்கு அடியில் போத்தல் அகப்பட்டது. இரண்டு மே மாதங்களின் வெப்பத்தைக் கண்டிருந்தது. தக்கை பாதி வெளியே தள்ளியிருந்தது; சேலையில் பழுப்புக் கறை. உள்ளே மிஞ்சியது காய்ச்சிய வெல்லப்பாகும் காடியும் கலந்த நாற்றம். ஒயினின் மூப்பு ஒரே சீரான குளிரில் மெதுவாக நடைபெற வேண்டியது. சூட்டில் அது விரைகிறது. ஆனால் வேறு திசையில் விரைகிறது. கொல்லையில் கொட்டினேன். சேலையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த ஆண்டின் இறுதியில் கோடைக்கானலுக்குப் போயிருந்தபோது மற்றதைத் திறந்தோம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், நண்பரின் புத்தக அறையிலுள்ள கல்சுவர் அலமாரியில் அது கிடந்தது. இரண்டு விரல் அளவு ஊற்றினார். கிண்ணத்தின் விளிம்பில் நிறம் செங்கல்லைப்போல் மாறியிருந்தது. அடியில் மெல்லிய படிவு. மண்ணும் உலர்ந்த அத்திப்பழமும் போன்ற மணம். துவர்ப்பு ஏறத்தாழ இல்லை. அது உச்சத்தைக் கடந்து இறங்கத் தொடங்கியிருந்தது என்றே என் மதிப்பீடு. ஓராண்டு முன்பே திறந்திருக்கலாம். முகர்ந்தேன், இம்முறை அருந்தவில்லை. நண்பர் இருவர் பங்கையும் அருந்தினார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல டொராண்டோவுக்குத் தொலைபேசியில் அழைத்து, நோன்னோவின் மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். செங்கல் நிறம், அத்திப்பழ மணம், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். இன்னும் நான்கு போத்தல்கள் இருப்பதாகவும், மகன்கள் வந்தால் திறப்பதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களிடம் சொன்னால் என்ன, பாத்ரே. அந்த ஒயின் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மிகவும் துவர்ப்பு."